நட்டு கழன்றது எங்கே?

தோட்டத் தொழிலாளத் தோழர்களே! ஆபீஸ் கிராணிமார்களே!

“மேச்சின் கெட்டுவிட்டதா? பிடித்தவன் கவனக்குறைவு. எழுது அவன் கணக்கில்!” இதுதான் பல தோட்டங்களில் இன்றைக்கு வழங்கும் இயந்திர சாஸ்திரம். புல்வெட்டும் மேச்சின் நின்றால் புல்வெட்டுகிறவன் குற்றவாளி. பால் லோரி மேடேற மாட்டாமல் கரும்புகை கக்கினால் டிரைவர் குற்றவாளி. விசாரணை இல்லை, சாட்சி இல்லை. தீர்ப்பு மட்டும் உண்டு. இந்த அநியாயத்தை இன்னும் எத்தனை காலம் பொறுப்பது?

ஒரு சின்னஞ்சிறு போல்ட்டைப் பற்றிப் பேசுவோம். மனிதன் மூக்கால் மூச்சு விடுகிறான். எஞ்சினுக்கும் மூச்சுக் குழாய் உண்டு. ஒர்க்‌ஷாப்பில் அதை இன்டேக் மேனிபோல்ட் என்பார்கள். வடிகட்டிய காற்று அதன் வழியாகத்தான் சிலிண்டருக்குள் போகிறது. அதை எஞ்சினோடு இறுக்கிப் பிடிப்பவை சில போல்ட்டுகள். இடையில் காற்றுக் கசியாதிருக்க ஒரு கேஸ்கட். எஞ்சின் ஓடும்போது அதிர்கிறது, சூடேறி விரிகிறது, ஆறிச் சுருங்குகிறது. நாளாக ஆக கேஸ்கட் அமுங்கும், போல்ட் தளரும். இது இரும்பின் இயல்பு. இதில் தொழிலாளி செய்த குற்றம் என்ன?

தளர்ந்த இடுக்கு வழியே திருட்டுக் காற்று நுழைகிறது. புல்வெட்டும் மேச்சின் டூ ஸ்ட்ரோக் எஞ்சின். பெட்ரோலில் கலந்த எண்ணெய்தான் அதன் பிஸ்டனுக்கு வழுவழுப்பு. காற்று மிகுந்தால் பெட்ரோலின் பங்கு குறைகிறது. அதோடு எண்ணெயும் குறைகிறது. சூடு ஏறிப் பிஸ்டன் ஜாமாகிறது. அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. கை விசையை விட்டால் எஞ்சின் வேகம் தணிந்து கத்தி நிற்க வேண்டும். திருட்டுக் காற்று புகுந்த எஞ்சின் தணிய மறுத்துக் கத்தும், கிளட்ச் விடாது, கத்தி சுழன்றுகொண்டே இருக்கும். ஈரச் சரிவில் கால் வழுக்குகிறவன் கதி என்ன? ஒரு போல்ட்டுக்கு ஒரு கால் விலையா?

லோரியின் டீசல் எஞ்சினைப் பாருங்கள். செம்மண் ரோட்டுப் புழுதியைத் தடுக்க ஏர் பில்டர் இருக்கிறது. பில்டருக்கு அப்பால் இடுக்கு விழுந்தால், புழுதி காவல்காரனுக்குத் தெரியாமல் கொல்லைப்புற வழியே புகுந்து ரிங்கையும் சிலிண்டரையும் அராவித் தின்கிறது. டர்போ வைத்த லோரியானால் அழுத்திய காற்று வெளியே ஓடி, இழுவை குறைந்து, கரும்புகை வருகிறது. பெட்ரோல் வண்டிகள் பலவற்றில் பிரேக்குக்குத் துணைபோவதே இந்த மேனிபோல்ட்டின் உறிஞ்சு சக்திதான். கசிவு பெரிதானால் பெடல் கட்டை போல் இறுகும். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்று சும்மாவா சொன்னார்கள்?

இவ்வளவும் தெரிந்த நிர்வாகம் ஏன் வாரம் ஒரு முறை இயந்திரத்தைச் சோதிக்க நேரம் ஒதுக்குவதில்லை? செக்ரோல் போடுகிற கை இது, கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மாதம் 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தை 26 நாளுக்கும் நாளொன்றுக்கு 8 மணிக்கும் வகுத்தால், கால் மணி நேரத்தின் விலை 2 வெள்ளி 4 காசு. நான்கு வாரத்துக்கு ஏறக்குறைய 8 வெள்ளி! இதை மிச்சம் பிடிக்கத்தான் பிஸ்டன் சாகிறது, கால் போகிறது. கோலகங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர் மரங்களில் எஞ்சிய ஒன்றைச் சரித்திரச் சின்னமாகப் போற்றுகிறார்கள். நல்லது, போற்றட்டும். அந்த மரத்தின் வம்சத்தில் பால் வடித்தவனின் பேரனுக்குக் கால் மணி நேரம் கொடுக்க மட்டும் ஏன் மனம் வரவில்லை?

ஈப்போவுக்கு அருகே ஒரு தோட்டத்தில் நான் கண்டது இது. ஜாமான மேச்சினுக்காக ஒரு தொழிலாளியைக் கூண்டில் ஏற்றினார்கள். ஸ்டோர் புத்தகத்தைப் புரட்டினேன். ஓராண்டாக ஒரு கேஸ்கட்கூட வாங்கவில்லை! கவனக்குறைவு யாருடையது?

சட்டம் நம் பக்கம் பேசுகிறது. 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, இயந்திரத்தை ஆபத்தில்லாதபடி பராமரிக்கும் கடமையை முதலாளி தலையில் வைக்கிறது. அந்தச் சட்டப்படி செய்கிற காரியத்துக்குத் தொழிலாளியிடம் காசு வாங்கக்கூடாது என்கிறது 26-ஆம் பிரிவு. ஆபத்து என்று புகார் சொன்னவனைப் பழிவாங்கக்கூடாது என்கிறது 27-ஆம் பிரிவு. 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டமோ, சட்டம் அனுமதித்த வகையில் அன்றிச் சம்பளத்தில் கைவைக்காதே என்கிறது. ஆகவே எதற்கென்று தெரியாத கடுதாசியில் கையெழுத்துப் போடாதீர்கள்!

“மேச்சின் கான்ட்ராக்டருடையது, எங்களுக்குச் சம்பந்தமில்லை” என்பது அவர்களுடைய அடுத்த பாட்டு. 2024 ஜூன் முதல் தேதி அமலுக்கு வந்த திருத்தம், கான்ட்ராக்டரை அமர்த்திய தலைமை நிர்வாகத்துக்கும் கடமை வைத்திருக்கிறது. தோட்டம் உங்களுடையது, லாபம் உங்களுடையது, வெட்டுப்பட்ட கால் மட்டும் கான்ட்ராக்டருடையதா?

நம்மவருக்கும் ஒரு வார்த்தை. “நாமே முறுக்கிவிடுவோம்” என்று முழு பலத்தையும் காட்டுவது வீரமல்ல. அலுமினியத்தில் மரை தேய்ந்துபோகும், போல்ட் முறியும். எஞ்சினை நிறுத்தி ஆறவிடுங்கள். புல்வெட்டும் மேச்சினில் பிளக் வயரைக் கழற்றுங்கள். இரண்டு போல்ட்டானால் மாற்றி மாற்றி, பலவானால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றில், தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கே டார்க் ஸ்பேனரால் இறுக்க வேண்டும். கேஸ்கட் கிழிந்திருந்தால் எவ்வளவு இறுக்கியும் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். பழகாதவர் கைவைக்க வேண்டாம். பழக்கிக் கொடுப்பதும் முதலாளியின் கடமையே.

கிராணி நண்பர்களே! நாமும் கூலிக்கு எழுதுகிறவர்கள்தாம். மேல் நாற்காலி சொன்னதென்று ‘கவனக்குறைவு’ என்ற ஒரு சொல்லை எழுதிவிட்டால், ஒரு வீட்டில் அந்த மாதம் அரிசி குறைகிறது. கடைசியாகச் சோதித்த தேதி என்ன, கேஸ்கட் மாற்றிய தேதி என்ன என்று கேட்டுவிட்டுப் பேனாவைத் தொடுங்கள்.

நாம் கேட்பது மூன்றே மூன்று. சம்பளத்தோடு வாரம் கால் மணி சோதனை நேரம். தோட்டந்தோறும் சரியான ஸ்பேனரும் கேஸ்கட்டும். தொழிலாளி சொன்ன குறையைத் தேதியோடு பதியும் புத்தகம். அதன் ஒரு நகல் அவன் கையில். 40 பேருக்குக் குறையாத இடத்தில் பாதுகாப்புக் கமிட்டி வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அந்தக் கமிட்டியில் இந்த மூன்றையும் வையுங்கள். பக்கத்து லயத்தில் இருக்கும் வங்காளதேசத் தோழனுக்கும் இந்தோனேசியத் தோழனுக்கும் எடுத்துச் சொல்லுங்கள். கத்திக்குத் தேசம் தெரியாது.

எஞ்சினில் கழன்ற போல்ட்டை ஸ்பேனர் இறுக்கும். நிர்வாகத்தில் கழன்ற நட்டைச் சங்கம்தான் இறுக்க வேண்டும். ஒன்றுபட்டு இறுக்குவோம், தோழர்களே!