பால் கொடுக்கும் நேரமும் வேலை நேரமே



ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் முதல் வாரம் உலகத் தாய்ப்பால் வாரமாக அனுஷ்டிக்கப்படுகிறது. கிளினிக் சுவர்களில் படங்கள் ஒட்டுவார்கள். பிள்ளை பிறந்து ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும் கொடுங்கள், தண்ணீர்கூட வேண்டாம், அதன் பிறகு சாப்பாட்டோடு சேர்த்து இரண்டு வயதுக்கு மேலும் கொடுக்கலாம் என்று சொல்லித் தருவார்கள். சொல்வது முழுக்கச் சரி. ஆனால் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் நமது தாய்மாரின் மனதில் ஒரு கேள்வி இருக்கிறது. பிள்ளைக்கு இரண்டரை மாதம் ஆனதும் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போக வேண்டியவள், ஆறு மாதம் எப்படிக் கொடுப்பாள்?

இதற்குப் பதில் சொல்லும் பொறுப்பை மிட்வைஃப் மிஸ்ஸின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. தோட்ட நிர்வாகத்துக்கும், சங்கத்துக்கும், வீட்டிலுள்ள ஆண்களுக்கும் அதில் பங்கு உண்டு.

சட்டத்தில் இருப்பது என்ன?

1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் நமக்கு 12 வாரப் பிரசவ விடுமுறையைத் தருகிறது. பிரசவத்துக்கு முன் 2 வாரம், பின் 10 வாரம். முன்பெல்லாம் மூன்றாவது பிள்ளைக்கு 6 வாரம்தான் கிடைத்தது. 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பிறகு எத்தனையாவது பிள்ளையானாலும் 12 வாரம். இந்தப் பணத்தைப் பெற, அறிவித்தல் கொடுப்பதற்கு முந்திய ஒரு வருடத்துக்குள் 150 நாள் வேலை செய்திருக்க வேண்டும். மாதம் 12 நாள் பேர் விழுந்தால் வருடத்துக்கு 144தான் வரும். ஆகவே கர்ப்பம் என்று தெரிந்த நாளிலிருந்தே சம்பளச் சீட்டுகளைச் சேர்த்து வையுங்கள், நாட்களை எண்ணிப் பாருங்கள். குறையும் போலத் தெரிந்தால் அப்போதே தோட்டத் தலைவரிடமோ மாதர் தலைவியிடமோ சொல்லுங்கள். பிள்ளை பிறந்த பிறகு வந்து சொன்னால் சங்கத்தால் செய்யக்கூடியது குறைவு.

அதே சட்டத்தில் இன்னொரு உரிமை இருக்கிறது. நம்மில் பலருக்கு அது தெரியாது. ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய்க்கு, 9 மணித்தியாலத்துக்குள் இரண்டு தடவை, அவள் கேட்கும் நேரத்தில் இடைவேளை கொடுக்க வேண்டும். பிள்ளைக் காம்பராவோ வேறு தகுந்த இடமோ நிர்வாகம் ஒழுங்கு செய்திருந்தால் ஒவ்வொரு தடவையும் 30 நிமிடத்துக்குக் குறையக்கூடாது. அப்படி ஓர் இடம் இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையக்கூடாது. இது சாப்பாட்டு நேரத்தில் சேராது. வேலை செய்த நேரமாகவே கணக்கெடுக்கப்பட வேண்டும்.

மலையில் நடப்பது என்ன?

நேரத்தைச் சட்டம் கொடுக்கிறது. தராசு அதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறது. பால் கொடுக்கப் போன தாயிடமும், போகாத மற்றவர்களிடமும் ஒரே நிறைதான் கேட்கப்படுகிறது. நிறை குறைந்தால் அரைப்பேர். இதற்குப் பயந்தே பல தாய்மார் பத்து மணிக்கு இறங்காமல் நிற்கிறார்கள். மார்பு கட்டி, சட்டை நனைந்து, வலியோடு கொழுந்து பறிக்கிறார்கள். கீழே பிள்ளைக்குப் போத்தலில் பால்மா போகிறது. போத்தலுக்குப் பழகிய பிள்ளை மார்பில் சரியாக உறிஞ்சாது. உறிஞ்சாவிட்டால் பால் குறையும். கடைசியில் "அவளுக்குப் பால் இல்லை" என்று பழி தாயின் மேல் விழுகிறது. பால்மாவுக்காகச் சம்பளத்தில் ஒரு பங்கு கடைக்குப் போகிறது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 8 மணித்தியால வேலையில் இரண்டு அரை மணித்தியாலம் போனால், போவது எட்டில் ஒரு பங்கு. 18 கிலோ கேட்கும் தோட்டத்தில் அது 2¼ கிலோ. பிள்ளைக் காம்பரா இல்லாத இடத்தில் இரண்டு மணித்தியாலம் போகும், அதாவது 4½ கிலோ. இடைவேளையை வேலை நேரமாகக் கணக்கெடுப்பது என்றால் இந்த அளவை நிறையில் குறைக்கத்தான் வேண்டும். குறைக்காமல் நேரத்தை மட்டும் கொடுப்பது, ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிப்பதாகும்.

ஆகவே நாம் கேட்பது நான்கு விஷயங்கள். முதலாவது, ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய்க்கு, இடைவேளைக்கு ஏற்றபடி நிறையைக் குறைக்க வேண்டும். இரண்டாவது, அவர்களைப் பிள்ளைக் காம்பராவுக்குப் பக்கத்து மலையில் நிறுத்த வேண்டும். இறங்கி ஏறவே அரை மணித்தியாலம் போனால் பால் கொடுக்க எங்கே நேரம்? மூன்றாவது, பிள்ளைக் காம்பராவில் தாய் மறைவாக உட்கார ஓர் இடமும், சுடுதண்ணீரும், சவர்க்காரமும் இருக்க வேண்டும். நான்காவது, மருந்து அடிக்கும் வேலைக்கும் மருந்து அடித்த மலைக்கும் அவர்களை அனுப்பக்கூடாது.

தாய்மாருக்குச் சில வார்த்தைகள்

பிள்ளை பிறந்து ஒரு மணித்தியாலத்துக்குள் பால் கொடுக்கத் தொடங்குங்கள். முதலில் வரும் மஞ்சள் நிறச் சீம்பாலைப் பீய்ச்சி ஊற்றிவிடாதீர்கள். நோயை எதிர்க்கும் சக்தி அதில்தான் அதிகம். சீனித்தண்ணியும் கொத்தமல்லித் தண்ணியும் வேண்டாம்.

மார்பு சிறிது என்பதால் பால் குறையாது. பிள்ளை எவ்வளவு உறிஞ்சுகிறதோ அவ்வளவு சுரக்கும். வாயை அகலத் திறந்து, காம்பை மட்டுமல்லாமல் சுற்றியுள்ள கறுத்த பகுதியையும் சேர்த்துக் கவ்வ வேண்டும். நாடி மார்பில் பட வேண்டும். காம்பு வெடித்து வலித்தால் பெரும்பாலும் பிள்ளை கவ்வும் விதத்தில்தான் பிழை. மிட்வைஃப் மிஸ்ஸிடம் காட்டினால் சரிசெய்து தருவார். பிள்ளை ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது சலம் கழித்து, கிளினிக் பதிவேட்டில் நிறையும் ஏறிக்கொண்டு வந்தால் பால் போதும் என்று அர்த்தம். மார்பு சிவந்து, கட்டியாகிக் காய்ச்சல் வந்தால் பால் கொடுப்பதை நிறுத்தாமல் உடனே வைத்தியரிடம் போங்கள்.

வேலைக்குத் திரும்புவதற்கு ஓரிரு வாரம் முன்பே பாலைக் கையால் பீய்ச்சி எடுக்கப் பழகுங்கள். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, கொதிக்கவைத்த மூடியுள்ள கோப்பையில் எடுங்கள். வெளியில் குளிர்ச்சியான இடத்தில் நான்கு மணித்தியாலம்வரை வைக்கலாம். அடுப்பில் சூடாக்காமல், சுடுதண்ணீருக்குள் கோப்பையை வைத்து இளஞ்சூடாக்கிச் சிறு கோப்பையால் ஊட்ட வேண்டும். போத்தல் வேண்டாம். பிள்ளை குடித்து மிஞ்சியதைத் திரும்ப வைக்கக்கூடாது. இதைப் பிள்ளைக் காம்பராவில் பார்த்துக்கொள்பவருக்கும் வீட்டிலிருக்கும் பாட்டிக்கும் சொல்லிக் கொடுங்கள். மலையிலிருந்து வந்ததும் படங்கை அவிழ்த்து, கை முகம் கழுவி, உடுப்பு மாற்றிவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள்.

வீட்டு ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. பால் கொடுக்கும் பெண்ணுக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சாப்பாடும் தண்ணீரும் ஓய்வும் வேண்டும். எல்லோரும் சாப்பிட்டு மிஞ்சியதை அவள் சாப்பிடும் வழக்கம் இந்த மாதங்களிலாவது நிற்கட்டும். விறகும் தண்ணீரும் நீங்கள் கொண்டுவந்தால், அந்த அரை மணித்தியாலம் பிள்ளைக்குப் போகும். பிரசவித்த பெண் காரணமின்றி அழுது, தூக்கமில்லாமல், பிள்ளையைப் பார்க்க மனமில்லாமல் இருந்தால் திட்டாதீர்கள். கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள்.

தோட்டத் தலைவர்களே, மாதர் தலைவிகளே! அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு முன், உங்கள் டிவிஷனில் ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தொழிலாளத் தாய்மாரின் பெயர்களை எழுதி எடுங்கள். அவர்களுக்கு இரண்டு இடைவேளை கிடைக்கிறதா, எந்த நேரம், எந்த மலை, என்ன நிறை கேட்கிறார்கள் என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். அரைப்பேர் போட்டிருந்தால் திகதியை எழுதுங்கள். அந்தப் பட்டியலின் ஒரு பிரதியை நிர்வாகத்துக்கும், ஒரு பிரதியைச் சங்கக் காரியாலயத்துக்கும் கொடுங்கள். தொழில் திணைக்களத்துக்குப் போக வேண்டி வந்தால் நமது கையில் இருக்க வேண்டியது அந்தக் காகிதம்தான்.