கணக்குச் செயலிக்கு விளக்கப்படம் தேவையா?

வரவு செலவைக் குறித்து வைக்க உதவும் எளிய செயலிகள் இன்று பலரது கைப்பேசியிலும் உள்ளன. அவற்றில் விளக்கப்படங்களும் வேண்டும் என்று கேட்போர் உண்டு. சேர்க்கலாம், ஆனால் ஒரே ஒரு படம், அதுவும் இரண்டாம் பக்கத்தில் போதும் என்பது என் கருத்து.

விளக்கப்படம் தொடக்கக் காலத்திலேயே பணக்கணக்கிற்குப் பயன்பட்டது. ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் பிளேஃபேர் 1786இல் இங்கிலாந்தின் ஏற்றுமதி, இறக்குமதியைக் கோடுகளாக வரைந்து வெளியிட்டார். 1801இல் வட்ட விளக்கப்படத்தையும் அவரே அறிமுகப்படுத்தினார். பல ஆண்டு எண்களை ஒரே பார்வையில் ஒப்பிடச் செய்வதே இவற்றின் பயன்.

ஆயினும் எல்லாப் படமும் ஒப்பிட உதவுவதில்லை. ஒரு குடும்பத்தின் ஏப்ரல் மாதச் செலவு 20,000 ரூபாய். அதில் உணவுக்கு 6,000. மே மாதச் செலவு 30,000, உணவுக்கு 9,000. வட்ட விளக்கப்படம் இரு மாதங்களிலும் உணவுக்கு 30 சதவீதம் என்றே காட்டும். மூவாயிரம் ரூபாய் கூடியது கண்ணுக்குத் தெரியாது. மாதங்களை அருகருகே நிறுத்தும் பட்டை விளக்கப்படமே அதைச் சொல்லும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. யுபிஐ வழியே செலுத்தும்போது பெறுபவரின் பெயரும் தொகையும் பதிவாகின்றன. காரணம் பெரும்பாலும் பதிவாவதில்லை. அடுகோடிக் கடைக்காரர் ஒருவருக்கு அனுப்பிய 500 ரூபாய் அரிசிக்கா, பழைய கடனுக்கா என்பதைச் செயலி ஊகிக்கத்தான் வேண்டும். ஊகத்தின் மேல் வரைந்த படம் அழகாக இருக்கலாம். சரியாக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே வகை தெரியாத செலவைத் தனிப் பட்டையாகவே காட்ட வேண்டும்.

முதல் பக்கத்தில் இருக்க வேண்டியது வேறு. படம் கடந்ததைக் காட்டும், தவணையோ வரப்போவது. 5ஆம் தேதித் தவணைக்குக் கணக்கில் 400 ரூபாய் குறைந்தாலும் அது திரும்பிவிடும். கட்டணமும் கட்ட நேரிடும்; சிபில் மதிப்பெண்ணும் பாதிக்கப்படலாம். "தவணைக்கு இன்னும் 400 ரூபாய் தேவை" என்ற ஒரு வரி, பத்து வண்ணப் படங்களைவிட அந்த வாடிக்கையாளருக்கு மேலானது.

பெங்களூரைச் சேர்ந்த காத்தாபுக் செயலி சிறு வணிகர்களிடையே பரவியதற்கு அதன் எளிமையும் ஒரு காரணம் எனலாம். நீங்கள் கொடுத்தது, நீங்கள் பெற்றது என்ற இரு பதிவுகளே அதன் அடிப்படை. நம் பழைய பற்று வரவு நோட்டின் முறையும் இதுவே.

செயலியைத் தேர்ந்தெடுக்கும் வாடிக்கையாளர்கள் ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்: இந்தப் படத்தைப் பார்த்தபின் நான் எந்தச் செலவை மாற்றப்போகிறேன்? விடை கிடைத்தால் படம் தேவை. கிடைக்காவிட்டால் இருப்பையும் தவணைத் தேதியையும் பார்த்துக்கொண்டாலே போதும்.