மாதிரி டாங்கியும் சுருங்காத இயற்கையும்

முதலில் ஒரு சிறு கணக்கு. 32 டன் எடையுள்ள ஒரு டாங்கியை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் 35இல் ஒரு பங்காகச் சுருக்கி, அதே உலோகத்தால் செய்வதாக வைத்துக்கொள்வோம். அதன் எடை என்ன? இதைக் கல்லூரியில் முதலாண்டு வகுப்பில் கேட்டால்கூட, 32,000 கிலோ கிராமை 35ஆல் வகுத்து, "914 கிலோ, சார்" என்று சட்டென்று எழுந்து சொல்பவர்கள் உண்டு. ஓர் அடி அளவுகோலைவிடக் குட்டையான பொருள் 914 கிலோ எப்படி இருக்கும் என்று அவர்கள் நின்று யோசிப்பதில்லை. நீளம் 35இல் ஒரு பங்கானால், பரப்பு 1,225இல் ஒரு பங்காகும். கன அளவு 42,875இல் ஒரு பங்காகும். எடை கன அளவைத்தான் பின்பற்றும். ஆகவே சரியான விடை, ஏறத்தாழ 746 கிராம்!

1638இல் வெளியான தம் நூலில் கலிலியோ இந்த உண்மையை எலும்புகளைக் கொண்டு விளக்கினார். நான் இன்று ஒரு விளையாட்டுப் பொருளைக் கொண்டு விளக்கப் போகிறேன். பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி, வண்ணம் பூசி, வெயிலும் மழையும் சேறும் பட்டது போன்ற தோற்றம் தந்து, குட்டி டாங்கி செய்யும் கலை உலகெங்கும் பலருக்குப் பொழுதுபோக்காக இருக்கிறது. அதைப் பொழுதுபோக்கு என்று மட்டும் சொல்லி ஒதுக்குவதை நான் ஏற்கமாட்டேன். வடிவத்தைச் சுருக்குவது எளிது, வகுத்தால் போதும். ஆனால் ஒளி, காற்று, நீர், தூசி, துரு ஆகியவை நம் அளவுகோலுக்குக் கட்டுப்பட்டுச் சுருங்குவதில்லை. அந்த இடைவெளியை நிரப்புவதுதான் இந்தக் கலையின் கடினமான பகுதி. அதற்கு வேண்டியது கைத்திறன் மட்டுமன்று, இயற்பியலும்தான்.

எடுத்துக்காட்டுக்கு டி-34 என்னும் சோவியத் டாங்கியை எடுத்துக்கொள்வோம். மிகயில் கோஷ்கின் தலைமையில் கார்கிவ் நகரில் உருவானது இது. 85 மி.மீ. பீரங்கி பொருத்திய இதன் பிந்தைய வகை 1944இல் போர்முனைக்கு வந்தது. நம் கணக்கில் வந்த 32 டன், இந்த வகையின் எடையே. அகலம் 3 மீட்டர். 1:35 மாதிரியில் அது சுமார் 8.6 செ.மீ. ஆகும்.

அது சரி, ஏன் 35? 30 அல்லது 40 என்று வைத்திருந்தால் வகுக்க எளிதாக இருந்திருக்குமே! இதன் பின்னணி வேடிக்கையானது. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் தமியா நிறுவனம், மோட்டாரில் ஓடும் ஜெர்மானிய 'பாந்தர்' டாங்கி மாதிரி ஒன்றைச் செய்தது. உள்ளே இரண்டு பாட்டரிகள் அடங்க வேண்டும் என்பதற்காகவே அதன் அளவு தீர்மானிக்கப்பட்டது. பிறகு அளந்து பார்த்தபோது உண்மை டாங்கியில் ஏறத்தாழ 35இல் ஒரு பங்காக இருந்தது. அடுத்தடுத்த மாதிரிகளையும் அதே அளவில் செய்தார்கள்; பிற நிறுவனங்களும் பின்பற்றின. ஒரு பாட்டரியின் பருமன் இன்றுவரை உலகை ஆள்கிறது!

மீண்டும் எடைக்கு வருவோம். டி-34இன் இருபுறமும் ஓடும் சங்கிலிப் பட்டை ஒவ்வொன்றும் அரை மீட்டர் அகலம். தரையில் படியும் நீளம் ஏறத்தாழ 3.85 மீட்டர். இரண்டு பட்டைகளுமாக 38,500 சதுர செ.மீ. பரப்பு. 32,000 கிலோவை இதனால் வகுத்தால், சதுர செ.மீட்டருக்கு 0.83 கிலோ. இந்த அழுத்தம் ஈர மண்ணை நசுக்கி, ஆழமான தடம் பதிக்கப் போதுமானது. நம் 746 கிராம் குட்டி டாங்கியோ, சதுர செ.மீட்டருக்கு 24 கிராம் மட்டுமே அழுத்தும். உண்மையில் பிளாஸ்டிக் மாதிரி உள்ளே வெற்றாக இருப்பதால் 746 கிராமில் பாதிகூடத் தேறாது. ஆனால் நீங்கள் குழைத்து வைக்கும் சேறு தன் உறுதியை 35இல் ஒரு பங்காகக் குறைத்துக்கொள்வதில்லை. ஆகவே மாதிரியைச் சேற்றின்மேல் வைத்தால், அது தாம்பாளத்தில் வைத்த தேங்காய் போல மேலேயே உட்கார்ந்திருக்கும். சேறு இறுகும் முன் கையால் அழுத்தி, பட்டை புதையும்படி செய்ய வேண்டும். பலருடைய மாதிரிகள் எவ்வளவு அழகாக இருந்தாலும் 'பொம்மை' என்று தெரிந்துவிடுவதற்கு இது ஒரு காரணம்: அவற்றில் எடை தெரிவதில்லை.

எடை தெரியும் இன்னோர் இடம் சங்கிலிப் பட்டையின் மேற்பகுதி. டி-34இல் பட்டையின் மேற்பகுதியைத் தாங்கத் தனி உருளைகள் இல்லை. அது ஐந்து பெரிய சக்கரங்களின் தலைமீது கிடந்து, இடையிடையே தொய்ந்து காணப்படும். மாதிரியில் ரப்பர் போன்ற ஒரே துண்டுப் பட்டையைக் கொடுத்திருந்தால், அது தொய்யாமல் விறைத்து நிற்கும். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. தடையின்றி மடங்கும் கண்ணிகளால் ஆன சங்கிலி தொங்கும் வடிவம் அதன் எடையைச் சார்ந்ததன்று. கோயில் யானையின் சங்கிலியும் கழுத்துச் சங்கிலியும் ஒரே வகை வளைவில்தான் தொங்குகின்றன. எனவே தனித்தனிக் கண்ணிகளைக் கோத்துச் செய்த மாதிரிப் பட்டை தானாகவே சரியாகத் தொய்யும். ஒரே துண்டு ரப்பரிலோ விறைப்பு எடையை வென்றுவிடுகிறது. அப்போது பட்டையைச் சக்கரத்தோடு சேர்த்துப் பசையிட்டு, தொய்வை நாமே உண்டாக்க வேண்டும்.

துண்டுகளை ஒட்டுவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வார்ப்பின் விளிம்புகளை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிடுங்கள். இதற்குரிய பசை, கோந்து போல இடையில் நின்று ஒட்டுவதன்று. இரு துண்டுகளின் பிளாஸ்டிக்கையும் சிறிது கரைத்து ஒன்றாக்குவது. ஆகவே குறைவாகத் தடவுங்கள். சன்னலைத் திறந்து வையுங்கள்.

வண்ணம் பூசுவதில்தான் வாதம் தொடங்குகிறது. தலைமயிரின் தடிமன் ஏறத்தாழ 0.07 மி.மீ. உங்கள் வண்ணப்பூச்சு அவ்வளவு தடித்திருந்தால், உண்மை டாங்கியில் அது இரண்டரை மில்லி மீட்டர் தடிப்புக்குச் சமம்! திருகுகளின் தலையெல்லாம் மூழ்கிப் போகும். எனவே நீர்க்கப் பூச வேண்டும். ஒரே பூச்சாக அன்றி, உலரவிட்டுப் பலமுறை பூச வேண்டும். தூசிக்கும் இதே கணக்குதான். தெரு மண்ணை அள்ளித் தூவினால், அதில் உள்ள அரை மில்லி மீட்டர் மணல் ஒவ்வொன்றும் ஜல்லிக் கல்லாகக் காட்சி தரும். வண்ணச் சாக்பீசை உரசி எடுத்த மாவுதான் ஏற்றது.

மாதிரி செய்வோரிடையே நெடுநாளாக ஒரு நம்பிக்கை உண்டு. தொலைவில் உள்ள மலை நீலம் பாரித்து வெளிறித் தெரிவது போல, சிறிய மாதிரியும் தொலைவில் இருப்பதாகக் கருத வேண்டும். ஆகவே உண்மை டாங்கியின் பச்சையோடு வெள்ளை கலந்து வெளிறச் செய்ய வேண்டும் என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கணக்கிட்டுப் பார்ப்போமா? மாதிரியை 30 செ.மீ. தொலைவிலிருந்து பார்ப்பது, உண்மை டாங்கியை 10.5 மீட்டரிலிருந்து பார்ப்பதற்குச் சமம். 20 கிலோ மீட்டர் தொலைவு வரை கண்ணுக்குத் தெரியும் தெளிவான நாளில், இடையே உள்ள பத்தரை மீட்டர்க் காற்று சிதறடிக்கும் ஒளி, நிறத்தை ஏறத்தாழ 0.2 விழுக்காடு அளவுதான் வெளிறச் செய்யும். ஏறத்தாழ 2 விழுக்காட்டுக்குக் குறைந்த வேறுபாட்டைக் கண் காண்பது கடினம். அப்படியானால் டாங்கி வெளிறுவதற்குக் காற்றைப் பொறுப்பாக்குவது சரியன்று. 1:700 விகிதக் கப்பல் மாதிரியாக இருந்தால் பார்க்கும் தொலைவு 210 மீட்டராகும். வெளிறலும் 4 விழுக்காட்டை எட்டும். அங்கே அந்த நம்பிக்கைக்கு ஓரளவு இடம் உண்டு.

ஆனாலும் வெளிறச் செய்த டாங்கியே பெரும்பாலும் இயல்பாகத் தெரிகிறது. கண் பொய் சொல்லவில்லை. சொல்லப்பட்ட காரணம்தான் தவறு. உச்சி வெயிலின் ஒளிச்செறிவு ஒரு லட்சம் லக்ஸ் அளவில் இருக்கும். நம் வீட்டு விளக்கின்கீழ் அது சில நூறு லக்ஸ்தான். மங்கிய ஒளியில் கரும்பச்சை உயிரிழந்து கறுப்பாகவே தெரிகிறது.

நிழலையும் பாருங்கள். கதிரவன் வானில் பிடிக்கும் கோணம் அரை பாகையே. எனவே அதன் நிழல்கள் கூரானவை. இரண்டு மீட்டர் உயரத்தில் எரியும் நான்கடி டியூப் லைட் மேசைக்கு முப்பது பாகைக்கு மேல் விரிந்து ஒளி தருகிறது. சிறு திருகின் நிழலை அது துடைத்துவிடும். இடுக்குகளில் கரும்பழுப்பு வண்ணத்தை நீர்க்கக் கரைத்து ஓடவிடுவதும், விளிம்புகளில் ஏறத்தாழ உலர்ந்த தூரிகையால் வெளிர்நிறம் தேய்ப்பதும் எதற்கு என்று இப்போது விளங்குகிறதா? இல்லாத வெயிலை வண்ணத்தால் வரைகிறோம். அந்தக் கரைசல் இடுக்குகளைத் தானே தேடி ஓடுகிறதே, அது நுண்புழைக் கவர்ச்சியின் உதவி. கீழ்ப்பூச்சைக் கரைக்காத திரவமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் போதும்: அக்ரிலிக் பூச்சு நன்கு உலர்ந்தபின், அதன்மேல் டர்பன்டைனில் கரைத்த எண்ணெய் வண்ணம்.

இனி துரு. இங்கேதான் எனக்குச் சண்டை போடத் தோன்றுகிறது. 'பழையதாகக் காட்ட வேண்டும்' என்று எண்ணி டாங்கி முழுவதும் செம்பழுப்பை அப்பிவிடுகிறார்கள். இரும்பு துருப்பிடிக்க ஈரமும் ஆக்சிஜனும் வேண்டும். வண்ணப்பூச்சு அவற்றைத் தடுக்கிறது. தடிமனான துரு ஏறக் காலமும் வேண்டும். போர்முனையில் ஓடிக்கொண்டிருக்கும் டாங்கிக்கு ஆண்டுக்கணக்கில் மழையில் நிற்க ஏது நேரம்? ஆனால் டி-34இன் பின்புறம் இரண்டு புகைபோக்கிக் குழாய்கள் உள்ளன. அங்கே சூட்டில் வண்ணம் கருகி உதிரும். வெற்று இரும்பு துருப்பிடிக்கும். டீசல் கரியும் படியும். அங்கே துரு நியாயம். சங்கிலிப் பட்டை நிற்கும்போது துருப்பிடிக்கும், ஓடும்போது தரையில் உராயும் பகுதி வெள்ளியாகப் பளபளக்கும், பள்ளமான பகுதி பழுப்பாகவே இருக்கும். அமெரிக்காவின் எம்-113 கவச ஊர்தியின் உடல் அலுமினியத்தால் ஆனது. அதன் உடலில் செந்துரு வரைந்தால், அது வேதியியல் பிழை. வீரர்கள் கால் வைத்து ஏறும் விளிம்பிலும் மூடியைப் பற்றித் தூக்கும் இடத்திலும் வண்ணம் தேய்ந்திருக்கலாம். யாருடைய கையும் காலும் எட்டாத இடத்தில் தேய்ந்திருக்கக் கூடாது. மழைக்கறை சரிவை ஒட்டிக் கீழ்நோக்கியே வழிய வேண்டும். ஒவ்வொரு கறைக்கும் 'ஏன் இங்கே?' என்ற கேள்விக்கு விடை இருக்க வேண்டும்.

பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் இத்தகைய மாதிரியை யாரேனும் கொண்டுவந்தால், "இது கைவேலை, அந்த மேசைக்குப் போ" என்று அனுப்பிவிடுவதைக் கண்டிருக்கிறேன். தெர்மோகோல் எரிமலையில் சோடா உப்பையும் வினிகரையும் கலப்பது மட்டும் அறிவியலாம்! நடுவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. மாதிரி எவ்வளவு அழகு என்று பார்க்க வேண்டாம். ஏதாவது ஒரு கறையைச் சுட்டிக்காட்டி, அது எப்படி வந்தது என்று அந்த மாணவியையோ மாணவனையோ கேளுங்கள். விடை வந்தால் மதிப்பெண் கொடுங்கள்.

போர்க்கருவியைப் பிள்ளைகள் கையில் கொடுக்கலாமா என்று பெற்றோர் கேட்பதும் நியாயமே. பளபளவென்று சேறே படாமல் நிற்கும் டாங்கியைக் கண்டால் எனக்கும் அந்தத் தயக்கம் உண்டு. அது போரைத் திருவிழா ஊர்வலமாகக் காட்டுகிறது. சேறும் கரியும் தேய்மானமுமாக நிற்கும் மாதிரியோ, அதற்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த ஐந்து மனிதர்களை நினைவூட்டுகிறது. அதற்கும் மனம் ஒப்பவில்லையென்றால் டாங்கியே வேண்டாம். டிராக்டரோ ரோடு ரோலரோ டவுன் பஸ்ஸோ செய்யுங்கள். மேலே சொன்ன கணக்குகளில் ஒன்றும் மாறாது. பெட்டியில் வரும் பிளாஸ்டிக் துண்டுகளின் விலை அதிகம். கெட்டி அட்டையும் கத்தரிக்கோலும் கொண்டும் நல்ல மாதிரி செய்யலாம்.

கறைகளைக் கற்க எங்கே போவது? ஆவடியில் 1965 முதல் உருவான விஜயந்தா டாங்கிகள், ஓய்வுபெற்றபின் நம் நாட்டின் பல ஊர்களில் காட்சிக்கு நிற்கின்றன. வடிவத்தைப் படம் வரைய அவை உதவும். ஆனால் காட்சிக்காக வண்ணம் பூசி நிறுத்தியவற்றில் உழைத்த தடம் காண்பது அரிது. அதைவிட, உங்கள் ஊரில் குளம் தூர்வாரும் பொக்லைன் நல்ல ஆசான். மாலையில் வேலை நின்றபின், ஓட்டுநரிடம் கேட்டுவிட்டு அருகில் சென்று பாருங்கள். சங்கிலிப் பட்டையில் எந்தப் பகுதி மின்னுகிறது, எண்ணெய் கசியும் மூட்டில் புழுதி எப்படி அப்பியிருக்கிறது, ஏறும் படியில் மஞ்சள் வண்ணம் எந்த மூலையில் போயிருக்கிறது என்று குறிப்பேட்டில் படம் வரைந்து, ஒவ்வொன்றின் அருகிலும் காரணத்தை எழுதுங்கள். மறுநாள் தூரிகையை எடுக்கலாம்.