தாள் தாழ்ந்ததா?

துணியில் எண்ணெய் வண்ணம் தீட்டினால்தான் ஓவியம், தாளில் வரைவது வெறும் பயிற்சி என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அதனால்தான் ஆண்டு முடிந்ததும் ஓவிய நோட்டுகள் பழைய பேப்பர்காரரின் தராசில் ஏறுகின்றன. இவ்வெண்ணம் தவறு என்பது என் கருத்து.

நமக்கு அடுத்த ஊரான பூந்தமல்லியின் பெயரால் வழங்கி வந்த நெடுஞ்சாலையில், சென்னை நகருக்குள், 1850-இல் தொடங்கப்பட்ட கவின் கலைக் கல்லூரி உள்ளது. அங்கே பயின்றவர் ஓவியர் கே. எம். ஆதிமூலம். 1969-இல் காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி, அண்ணலைக் கறுப்பு மைக் கோடுகளாலேயே தாளில் பற்பல தோற்றங்களில் வரைந்தார். அவருக்குப் பெயர் தேடித் தந்தவை அக்கோடுகளே. வண்ணப் பெட்டி வாங்க வசதியில்லையே என்று ஏங்கும் தோழியர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

தாள், கோடு போடும் இடம் மட்டுமன்று. அதுவே படைப்பின் பொருளாகவும் ஆகும். கிறிஸ்துமஸ் குடிலுக்குக் காகிதத்தைக் கசக்கி நாம் மலையும் குகையும் செய்வதில்லையா? சாந்திநிகேதனைச் சேர்ந்த விநோத் பிஹாரி முகர்ஜி 1950-களில் பார்வையை முற்றிலும் இழந்தார். ஆயினும் கலையை விடவில்லை. வண்ணத் தாள்களை வெட்டி ஒட்டிச் சித்திரங்கள் அமைத்தார். அவரிடம் பயின்ற சத்யஜித் ரே, 1972-இல் அவரைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார்.

சோம்நாத் ஹோர் 1943-ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்தை நேரில் கண்டவர். பட்டினியால் வாடிய உடல்களை அவர் மறக்கவில்லை. 1970-களில் மெழுகிலும் களிமண்ணிலும் கீறல்கள் இட்டு, அவற்றிலிருந்து அச்சு எடுத்து, அதன்மேல் காகிதக் கூழை அழுத்தினார். மை இல்லை, வண்ணம் இல்லை. உலர்ந்த வெள்ளைத் தாளில் மனித உடலின் காயங்கள் தெரிந்தன. அத்தொடருக்குக் 'காயங்கள்' என்றே பெயர். அந்த வலியை வேறு எந்தப் பொருள் இவ்வளவு அமைதியாகச் சொல்லும்?

அலிகாரில் 1937-இல் பிறந்த ஜரீனா, தாளில் ஊசியால் துளையிட்டே படைப்புகள் செய்தார். விட்டு வந்த வீட்டின் நினைவுகளை அச்சுப்படங்களாகப் பதித்தார். அவர் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றது எதில் தெரியுமா? கணிதத்தில்! பத்தாம் வகுப்பு வந்ததும் ஓவிய வேளையைக் கணக்குக்குக் கொடுத்துவிடும் வழக்கம் பல பள்ளிகளில் உண்டு. பொதுத்தேர்வின் அவசியத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒன்றுக்காக மற்றொன்றைக் கொல்லத் தேவையில்லை என்பதற்கு ஜரீனாவே சாட்சி.

தாள் விரைவில் கெட்டுவிடுமே என்பார்கள். செய்தித்தாள் போன்ற மரக்கூழ்த் தாள் மஞ்சளாகிப் பொடிந்துவிடும் என்பது உண்மை. ஆனால் பருத்திக் கந்தலால் செய்த நல்ல தாள், வெயிலும் ஈரமும் படாமல் காத்தால் நூற்றாண்டுகள் நிற்கும். மென்மையான பொருளை நாம் பேணத்தான் வேண்டும், இகழக் கூடாது.

ஆகவே, மதிப்பிற்குரிய அருட்சகோதரிகளிடம் ஒரு விண்ணப்பம்: பத்தாம் வகுப்புக்கும் வாரம் ஒரு வேளை ஓவியத்துக்கு விட்டுவையுங்கள். பெற்றோரிடமும் ஒன்று கேட்கிறேன். நோட்டுகளை எடைக்குப் போடுமுன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். அதில் ஒரே ஒரு தாளையாவது எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். உங்கள் மகள் கண்டதும் நினைத்ததும் அதில் இருக்கும்.