இரண்டு திரளை போதும்

திருவரங்கத்தில் ஒருநாள் மழை விடாமல் பெய்தது. கூரத்தாழ்வான் அன்று உஞ்சவிருத்திக்குப் புறப்பட இயலவில்லை. வீட்டில் ஒரு மணி அரிசியும் இல்லை. பகவானைத் தியானித்தபடியே அவர் பட்டினியாகப் படுத்துவிட்டார். இரவில் நம்பெருமாள் அரவணை அமுது செய்யும் வேளையை அறிவிக்கும் திருச்சின்ன ஒலி கேட்டது. அவருடைய தேவியாரான ஆண்டாளின் உள்ளம் தாளவில்லை. ‘உன் அடியார் இங்கே பசித்திருக்க, நீ அங்கே அமுது செய்கிறாயே’ என்று மனத்துக்குள் நினைத்தார். வாய் திறந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை.

சற்று நேரத்தில் கோயில் பரிவாரம் வாசலில் வந்து நின்றது. பெருமாளின் நியமனப்படி, அரவணைப் பிரசாதம் சகல மரியாதைகளோடும் வந்திருந்தது. ஆழ்வான் வியந்தார்; ஆனால் மகிழ்ந்து கையை நீட்டிவிடவில்லை. தேவியாரை நோக்கி, “நீ ஏதேனும் நினைத்தாயோ?” என்று கேட்டார். அவர் உண்மையை ஒளிக்காமல் சொன்னார். அதன் பிறகு ஆழ்வான் இரண்டே திரளைப் பிரசாதத்தை மட்டும் ஏற்றுக்கொண்டார். அந்தப் பிரசாதத்தின் பயனாகவே பராசர பட்டரும் வேதவியாச பட்டரும் அவதரித்தனர் என்று குருபரம்பரை கூறுகிறது.

எதிர்பாராத செல்வம் வீடு தேடி வரும்போது இல்லறத்தார் எப்படி நடந்துகொள்வது என்பதற்கு இந்த நிகழ்ச்சியைவிடத் தெளிவான வழிகாட்டி கிடைப்பது அரிது. முதலில் ஒரு கேள்வி: இது ஏன் வந்தது? அடுத்து ஓர் அளவு: இதில் நமக்கு வேண்டியது எவ்வளவு?

இன்றும் அதே திருவரங்கத்தின் வீதிகளில் ஓய்வூதியத்தை நம்பிக் காலம் தள்ளும் முதியோர் பலர் இருக்கிறார்கள். திருச்சிராப்பள்ளியின் பொன்மலையில் 1928 முதல் இயங்கிவரும் ரயில்வே பணிமனையில் உழைத்து ஓய்ந்தவர்களும், அவர்களுடைய மனைவியரும் அவர்களுள் அடங்குவர். எண்பத்து மூன்று வயதான ஒரு மூதாட்டி வங்கிப் புத்தகத்தைப் பதிந்து வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான மாதத் தொகைக்குக் கீழே ஒன்றரை லட்சத்தைத் தாண்டிய ஒரு வரவு. யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, கடிதமும் இல்லை. வீடு திரும்புவதற்குள் மனம் பல திசைகளில் ஓடிவிடும். பேரனின் கல்லூரிக் கட்டணம், மகளின் வீட்டுக் கடன், பெருமாளுக்கு நெடுநாளாக நேர்ந்துகொண்ட வஸ்திரம், பல மாதங்களாகத் தள்ளிப்போட்ட கண் சிகிச்சை என்று வரிசை நீளும்.

அந்த வரிசைக்குள் நுழையும் முன் ஆழ்வானின் கேள்வியைக் கேட்க வேண்டும். இது ஏன் வந்தது?

நியாயமான காரணங்கள் உண்டு. மத்திய அரசு, ரயில்வே ஓய்வூதியர்களுக்கும் குடும்ப ஓய்வூதியர்களுக்கும் 80 வயது நிறைந்தால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 விழுக்காடு கூடுதலாகச் சேரும். 85 வயதில் 30, 90 வயதில் 40, 95 வயதில் 50 விழுக்காடு என்று அது உயரும்; நூறு வயதில் முழு ஓய்வூதியமே இன்னொரு பங்காகக் கிடைக்கும். பல குடும்பங்களில் மனைவியின் பிறந்த தேதி ஓய்வூதிய ஆணையில் பதிவாகியிருப்பதில்லை. அதனால் எண்பது கடந்தும் கூடுதல் தொகை சேராமலே போகும். பின்னர் எப்போதோ பதிவு சரியாகும்போது நிலுவை முழுவதும் ஒரே நாளில் வந்து சேரும். அடிப்படைக் குடும்ப ஓய்வூதியம் 12,000 ரூபாய் என்றால், இருபது விழுக்காடு மாதம் 2,400 ரூபாய். மூன்று ஆண்டுகளுக்கு 86,400 ரூபாய். அகவிலை நிவாரணம் அதற்கு மேல். இத்தகைய பணம் எவருடைய தயவும் அன்று. கணவரின் உழைப்புக்கு உரிய பலன், காலம் தாழ்ந்து வந்திருக்கிறது.

ஆனால் தவறான காரணங்களும் உண்டு. ஓய்வு பெற்றவர் காலமானால், அவர் மனைவிக்கு முதலில் உயர் விகிதத்தில் குடும்ப ஓய்வூதியம் கிடைக்கும். ஏழு ஆண்டுகள் வரை, அல்லது மறைந்தவர் உயிரோடிருந்தால் 67 வயது நிறைந்திருக்கும் நாள் வரை, இவற்றுள் எது முந்தியதோ அதுவரைதான் அந்த விகிதம். பிறகு அது குறைய வேண்டும். குறைக்க மறந்துவிட்டால் மிகைப் பணம் மாதந்தோறும் ஓசையின்றிச் சேர்ந்துகொண்டே இருக்கும். கடைசிச் சம்பளம் 40,000 ரூபாயாக இருந்திருந்தால், உயர் விகிதம் 20,000, சாதாரண விகிதம் 12,000. நான்கு ஆண்டுகள் கவனியாமல் விட்டால் 3,84,000 ரூபாய் மிகையாகிவிடும். ஒருநாள் அது கண்டுபிடிக்கப்பட்டு, சிறிய ஓய்வூதியத்திலிருந்து மாதாமாதம் பிடித்தம் தொடங்கினால் முதுமையில் அது பெரும் வேதனை.

சட்டம் இதில் இரக்கமற்றதாக இல்லை. பஞ்சாப் மாநில அரசுக்கும் ரஃபீக் மசீஹ் என்பவருக்கும் இடையிலான வழக்கில், 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு அளித்தது. ஊழியரின் குற்றமின்றித் தவறாக வழங்கப்பட்ட தொகையை, ஓய்வு பெற்றோரிடமிருந்தும் கீழ்நிலை ஊழியரிடமிருந்தும் திரும்பப் பிடிப்பது கூடாது என்பது அதன் சாரம். எனினும், மிகையாக வந்ததைத் திருப்பித் தருவேன் என்று எழுதிக் கொடுத்தவரைப் பொறுத்து 2016-இல் அதே நீதிமன்றம் வேறு விதமாகத் தீர்ப்பளித்தது. ஓய்வூதியக் கணக்கு தொடங்கும்போது வங்கியில் இத்தகைய உறுதிமொழியில் கையெழுத்திடுவது வழக்கம். ஆதலால், வந்தது நம்முடையதுதான் என்று தெளியும் வரை அதைத் தொடாமல் இருப்பதே அறிவுடைமை. அதுவே அறமும் ஆகும்.

தெளிவது கடினமன்று. பி.பி.ஓ. எனப்படும் ஓய்வூதிய ஆணையையும் வங்கிப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு கிளைக்குச் செல்ல வேண்டும். பெற வேண்டியது எவ்வளவு, பெற்றது எவ்வளவு என்று மாதவாரியாகக் காட்டும் கணக்குத் தாளை எழுத்து மூலம் கேட்க வேண்டும். பல ஆண்டுகளின் நிலுவை ஒரே ஆண்டில் வந்தால் வருமான வரியில் நிவாரணம் கோரவும் அந்தத் தாளே ஆதாரம். இடையில் யாரேனும் தொலைபேசியில், “உங்கள் கணக்கில் தவறுதலாகப் பணம் போட்டுவிட்டோம், உடனே இந்த எண்ணுக்கு அனுப்புங்கள்” என்றால் ஒரு ரூபாயும் அனுப்பக் கூடாது. திருப்பித் தருவதாயினும் வங்கிக் கிளையின் வழியாகவே தர வேண்டும். ஏமாந்துவிட்டால் தாமதியாமல் 1930 என்ற எண்ணை அழைக்கலாம்.

நம்முடையதுதான் என்று உறுதியான பிறகு, இரண்டாவது கேள்வி. நமக்கு வேண்டியது எவ்வளவு?

இங்கே ஆழ்வானின் வாழ்வில் நிகழ்ந்த இன்னொன்றையும் நினைக்க வேண்டும். கூரத்தில் பெருஞ்செல்வராக இருந்த அவர், அனைத்தையும் தானம் செய்துவிட்டுத் திருவரங்கம் நோக்கிப் புறப்பட்டார். இருட்டில் காட்டு வழியில் தேவியார், “இங்கே பயம் ஏதும் உண்டோ?” என்று கேட்டார். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம் என்றார் ஆழ்வான். அவர் அமுது செய்வதற்கென்று ஒரு பொன் வட்டிலைக் கொண்டுவந்திருப்பதாகத் தேவியார் சொன்னதும், அதை வாங்கி எறிந்துவிட்டு நடந்தார்.

பொன் வட்டிலை எறிந்த அதே கை, அரவணைப் பிரசாதத்தை எறியவில்லை. இதைத்தான் முதியோர் பலர் மறந்துவிடுகிறார்கள். பணம் வந்த அன்றே எல்லாவற்றையும் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, மறுமாதம் மருந்துக்கு அவர்களிடமே கைநீட்டத் தயங்கி நிற்பார்கள். தமக்கென்று எடுத்துக்கொள்வது சுயநலம் என்று நினைத்துக் கண் சிகிச்சையைத் தள்ளிப்போடுவார்கள். வீடு தேடி வந்த பிரசாதத்தை ஆழ்வான் பசியோடு திருப்பி அனுப்பவில்லை. தேவையான இரண்டு திரளையை ஏற்றார். சிகிச்சைக்கும் அவசரத்துக்கும் உரிய பங்கை முதலில் ஒதுக்கி வைப்பது பேராசையாகாது. அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வட்டி வரும். வங்கியில் வைப்பதாயின், ஒருவருக்கு ஒரு வங்கியில் ஐந்து லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. வாரிசு நியமனம் பதிவாகியிருக்கிறதா என்றும் அன்றே பார்த்துவிடலாம்.

மீதியில் குடும்பத்துக்கும் கோயிலுக்கும் பங்கு உண்டு. அரங்கன் சந்நிதியில் நாள் முழுவதும் அன்னதானம் நடைபெறுகிறது. கோயில் அலுவலகத்தில் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ளலாம். எவ்வளவு சிறிய தொகையாயினும், யாரோ ஒருவருடைய பசிக்கு அது ஒரு திரளையாகும்.

“நீ ஏதேனும் நினைத்தாயோ?” என்று கணவர் கேட்டதும் ஆண்டாள் மறைக்காமல் சொன்னார். அந்த ஒளிவின்மையே அந்த வீட்டின் உண்மையான செல்வம். வங்கிப் புத்தகத்தைப் பிள்ளைகள் முன் திறந்து வைத்து, இது இன்ன காரணத்தால் வந்தது, இவ்வளவு எனக்கு, இவ்வளவு உங்களுக்கு, இவ்வளவு பெருமாளுக்கு என்று சொல்லிவிட்டால், மடியில் கனமும் இராது. மனத்தில் பயமும் இராது. அன்றிரவு நிம்மதியாக உறங்கலாம்.