கல் பதிக்காத ஒரு மூலை

தேனீ என்றதும் நம் நினைவுக்கு வருவன வளர்ப்புப் பெட்டியும் தேன் போத்தலுமே. ஆனால் 2006இல் வெளியான பட்டியலொன்று இலங்கையில் 148 தேனீ இனங்களைக் குறிப்பிடுகிறது. அவற்றுள் நாம் தேன் எடுப்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஏனையவற்றுட் பல வெறும் நிலத்தில் துளையிட்டு முட்டையிடுபவை. சில பட்ட மரத்தைக் குடைபவை. மரம் துளைக்கும் கருவண்டு என நாம் அழைப்பதும் தேனீக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

கத்தரிப் பூவின் மகரந்தம் நுனித் துளை வழியாகவே வெளிவரும். பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரவைத்து அதை உதிர்ப்பவை இக்காட்டுத் தேனீக்கள். பெட்டித் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. ஆகவே தேன்பெட்டி வழங்கினால் மகரந்தச் சேர்க்கைப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்னும் திட்டங்களுடன் நாம் உடன்படுவதற்கில்லை.

நகரில் இவற்றுக்கு என்ன வேலை எனக் கேட்கலாம். பிரித்தானியாவில் பிறிஸ்ரல் பல்கலைக்கழகச் சூழலியலாளர் ஜேன் மெமொற் தலைமையில் 2011இல் ஓர் ஆய்வு தொடங்கிற்று. சுற்றியுள்ள விளைநிலங்களைவிட நகரங்களில் தேனீ இனங்கள் கூடுதலாக இருப்பதை அது 2015இல் காட்டியது. 2019இல் வெளியான அடுத்த கட்டுரை நான்கு நகரங்களின் பூங்கா, சேமக்காலை, வாகனத் தரிப்பிடம் முதலியவற்றை ஒப்பிட்டது. வீட்டுத் தோட்டங்களும், மக்கள் வாடகைக்குப் பெற்றுப் பயிரிடும் காணித் துண்டுகளுமே முன்னின்றன. வருமானம் கூடியோர் வாழும் பகுதிகளின் தோட்டங்களிலேயே இப்பூச்சிகள் அதிகம் என்பதும் தெரியவந்தது. ஏழைகளின் குடியிருப்பில் பூவுக்கும் பஞ்சம் போலும்!

அந்நாட்டுப் பூச்சிகள் வேறு, நமது பூச்சிகள் வேறு. ஆயினும் எந்த நாட்டுத் தேனீயும் சீமெந்தில் குழி தோண்டுவதில்லை.

நமது நகரங்களில் எஞ்சியுள்ள விசாலமான பழைய வளவுகள் பல திருச்சபைக்குச் சொந்தமானவை. அங்கேதான் முற்றத்துக்குக் கொங்கிறீற் கல் பதிப்பதும், கிளுவை, பூவரசு வேலிகளைப் பிடுங்கி மதில் எழுப்புவதும் அபிவிருத்தி எனக் கணக்குக் காட்டப்படுகின்றன. நன்கொடையாளரின் பெயர்ப்பலகையைப் பதிக்க மதில் வசதியானதுதான். மரித்தோர் நினைவு நாளுக்குமுன் சேமக்காலையைத் துப்புரவு செய்வது நல்ல வழக்கம். அதற்குப் புல் வெட்டும் கத்தி போதும், களைநாசினி எதற்கு? பயன்தரும் பூச்சிகள் நச்சு மருந்துகளால் அழிவதை, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் தனியே குறிப்பிட்டிருக்கிறார்.

ஒவ்வொரு பங்கிலும் வெயில் படும் மூலையொன்றைக் கிளறாமல் வெறும் மண்ணாக விடலாம். வேலியோரம் துளசியும் முருங்கையும் பூக்கட்டும். இதற்கு வெளிநாட்டு நிதி தேவையில்லை. கல் பதிப்புக்கான மதிப்பீடு அடுத்த பங்குச் சபைக்கு வரும்போது, அம்மூலையின் சதுர அடியைக் கழித்துவிட்டுக் கையொப்பமிடுமாறு சபையினரைக் கேட்டுக்கொள்கிறோம்.