கல்யாணிக்கு நடுவே லாட்டரி

இந்துஸ்தானி ரசிகர்கள் ஆங்கில எழுத்தில் ஸ்வரம் எழுத ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். சிறிய ‘ஆர்’ என்றால் கோமள ரிஷபம். பெரிய ‘ஆர்’ என்றால் சுத்த ரிஷபம். கர்நாடக சங்கீதக்காரர்கள் தங்கள் பங்குக்கு நெடிலுக்கும் ணகரத்துக்கும் பெரிய எழுத்தைப் போட்டார்கள். கல்யாணி என்ற பெயர் சின்ன ‘கே’யில் தொடங்கி, நடுவில் பெரிய ‘ஏ’, பெரிய ‘என்’ என்று மேடு பள்ளமாகப் போகும். ஆங்கில வாத்தியார் பார்த்தால் பிரம்பை எடுப்பார். ஆனால் அந்தக் கூட்டத்தில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் உயிர்நாடி. யமன் ஸ்வர வரிசையில் ஒரு ரிஷபம் கைதவறிச் சிறிய எழுத்தானால் யமன் போயிற்று. நம் கணக்கில் சொன்னால், கல்யாணி கமனாச்ரமம் ஆகிவிடும்.

அந்தக் கூட்டம் கூடிய இடம் யூஸ்நெட். அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் ட்ரஸ்காட், ஜிம் எல்லிஸ் இருவரும் 1979ல் யோசித்து, 1980ல் நடைமுறைக்கு வந்த ஏற்பாடு. வெப் என்று இன்று நாம் சொல்வது பிறக்கப் பத்து வருஷத்துக்கும் மேல் இருந்தது. ஊருக்கு ஊர் இருந்த கம்ப்யூட்டர்கள் செய்திகளை ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்ளும். ஒருவர் ஒரு மூலையில் எழுதினால் உலகத்து அறிவிப்புப் பலகைகளில் எல்லாம் அது வந்து ஒட்டிக்கொள்ளும். முதலாளி கிடையாது, காவல்காரர் கிடையாது, கட்டணம் கேட்பவர் கிடையாது. தலைப்பு வாரியாகக் குழுக்கள் இருந்தன. 1990களில் இந்திய இசைக்கும் இரண்டு: ஒன்று சாஸ்திரிய சங்கீதத்துக்கு, இன்னொன்று சினிமாப் பாட்டு, கஜல் மற்ற எல்லாவற்றுக்கும்.

வந்தவர்களில் பெரும்பாலோர் அமெரிக்காவில் படிக்கவோ வேலை பார்க்கவோ போன இந்தியர்கள். பெட்டியில் ஊறுகாய் பாட்டிலோடு கேஸட் எடுத்துப் போனவர்கள். லாபரட்டரியில் வேலை முடிந்த ராத்திரியில் உட்கார்ந்து, இந்த விருத்தம் எந்த ராகத்தில் நகர்கிறது, இந்த நிஷாதத்தை எப்படிப் பிடிப்பது என்று கேட்பார்கள். விடிவதற்குள் வேறொரு கண்டத்திலிருந்து பதில் வந்திருக்கும். இந்திப் பாட்டுக் கோஷ்டி இன்னும் ஒரு படி மேல். படத்தின் பெயர், பாடியவர், இசை, பாடலாசிரியர் என்று தலையில் குறிப்புப் போட்டு, ரோமன் எழுத்தில் பாட்டுப் பாட்டாகத் தட்டி வைத்தார்கள். ‘ஐட்ரான்ஸ்’ என்ற மென்பொருள் அதை அழகான தேவநாகரியில் அச்சுக்குக் கொடுக்கும். யாரும் காசு தரவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

சண்டை இல்லாமலா? பாணி, பாடாந்தரம், இளையராஜாவா ரஹ்மானா என்று சபா கேன்டீனில் நடப்பதெல்லாம் அங்கேயும் நடந்தது. ஆனால் சண்டை போடுகிறவர் தன் பெயரோடும் விலாசத்தோடும் போட்டார். எழுதியதன் தலையிலேயே அவருடைய மின்அஞ்சல் விலாசம், பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் பெயரோடு, பளிச்சென்று இருக்கும். பலகையில் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் தனியாக எழுதிக் கேட்கலாம். முன்பின் தெரியாதவர் தன்னிடமிருந்த பழைய கச்சேரி டேப்பைப் பிரதியெடுத்துத் தபாலில் அனுப்புகிற அளவுக்கு நம்பிக்கை வளர்ந்தது இந்தத் திறந்த விலாசத்தால்தான்.

1994 ஏப்ரல் 12. அரிசோனாவில் வக்கீல் தொழில் செய்துவந்த லாரன்ஸ் கேன்டர், மார்த்தா சீகல் தம்பதி ஒரு விளம்பரத்தை 5,000க்கும் மேற்பட்ட யூஸ்நெட் குழுக்களில் ஒரே மூச்சில் ஒட்டினார்கள். அமெரிக்க கிரீன் கார்டு லாட்டரிக்கு விண்ணப்பம் போட்டுத் தருகிறோம், கட்டணம் இவ்வளவு. அந்த லாட்டரிக்கு விண்ணப்பிக்க அப்போது காசே வேண்டியிருக்கவில்லை என்பது வேறு விஷயம். பூனை வளர்ப்போர் குழுவுக்கும் வானசாஸ்திரக் குழுவுக்கும் கிரீன் கார்டோடு என்ன சம்பந்தம் என்று உலகமே கொதித்தது. விசா கவலையோடு படித்துக்கொண்டிருந்த நம் பையன்களைப் பொறுத்தவரை இலக்குத் தப்பாத அம்பு என்றுதான் சொல்ல வேண்டும். திட்டி எழுதிய கடிதங்களின் பாரம் தாங்காமல் அவர்களுக்கு இணைப்புக் கொடுத்திருந்த கம்பெனியின் கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன. தம்பதி அசரவில்லை. 1,00,000 டாலர் சம்பாதித்தோம் என்றார்கள். இதே வித்தையை மற்றவர்களுக்குக் கற்றுத் தரப் புத்தகமும் போட்டார்கள். 1997ல் டென்னஸி மாநிலம் கேன்டரின் வக்கீல் உரிமத்தைப் பறித்தது. அதற்குள் சீடர்கள் பெருகியாகிவிட்டது.

இந்தக் குப்பைக்கு ‘ஸ்பாம்’ என்று பெயர் வந்ததும் ஒரு பாட்டால்தான். பிரிட்டனின் மான்டி பைதான் குழு 1970ல் டெலிவிஷனில் போட்ட ஒரு நையாண்டிக் காட்சி. ஓட்டலில் ஏறக்குறைய எல்லாப் பண்டத்திலும் ஸ்பாம் என்ற டப்பா இறைச்சி இருக்கும். அங்கே உட்கார்ந்திருக்கும் வைகிங் கூட்டம் ‘ஸ்பாம், ஸ்பாம்’ என்று உரக்கப் பாட, மற்றவர்கள் பேசுவது காதில் விழாது. தமிழில் ‘எரிதம்’ என்கிறார்கள் கலைச்சொல்காரர்கள். எரிச்சலும் அதில் இருப்பதால் பொருத்தம்தான்.

நமக்கு இது புதிதா என்றால், இல்லை. சாமி பெயரைச் சொல்லி, ‘இதை இத்தனை பேருக்கு எழுதி அனுப்பு, அனுப்பாவிட்டால் ரத்தம் கக்குவாய்’ என்று அஞ்சலட்டை வராத வீடு உண்டா? ஆனால் அதை அனுப்பியவன் கார்டுக்குக் காசு கொடுத்தான், கை வலிக்க எழுதினான். பத்து கார்டு எழுதியதும் பக்தி தளர்ந்துவிடும். மின்அஞ்சலில் பத்துக்கும் பத்து லட்சத்துக்கும் செலவில் அதிக வித்தியாசம் இல்லை. செலவு வாங்குகிறவன் தலையில். 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டபோது இங்கே மணிக்கணக்குப் பார்த்துத்தான் அதைப் பயன்படுத்தினோம். டெலிபோன் மீட்டர் தனியாக ஓடும். அந்த வேகத்தில் ஒரு ராக விளக்கம் இறங்குவதற்குள், ‘சீக்கிரம் பணம் பண்ணுங்கள்’ என்ற கடிதம், முழுக்க முழுக்கப் பெரிய எழுத்தில், நம் காசிலேயே இறங்கி உட்கார்ந்திருக்கும். எந்த எழுத்து நெடில், எந்த எழுத்து சுத்தம் என்று கவனித்துப் பழகிய கண்ணுக்கு அது காதில் தகரம் தேய்த்த மாதிரி.

அடுத்த கட்டம் மோசம். பலகையில் ஒட்டுவதோடு நிற்காமல், பலகையிலிருந்த விலாசங்களைப் பொறுக்கவே புரோகிராம்கள் வந்தன. அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2002ல் ஒரு சோதனை செய்தது. 250 புது விலாசங்களை உருவாக்கி இன்டர்நெட்டில் 175 இடங்களில் தூவிவிட்டுக் காத்திருந்தது. யூஸ்நெட் மாதிரியான குழுக்களில் போட்ட விலாசங்களில் 86 சதவிகிதத்துக்குக் குப்பை வந்து சேர்ந்தது. அதாவது ஒருவருடைய ராக சந்தேகத்துக்குப் பதில் எழுதிய புண்ணியத்துக்கு, வழுக்கை மருந்தும் வட்டிக் கடனும் வாழ்நாள் முழுக்க வீடு தேடி வரும். அதிகம் எழுதினவருக்கு அதிகம். தாராளமாக உதவினவர்கள் அதனாலேயே தண்டிக்கப்பட்டார்கள்.

என்ன செய்வார்கள்? விலாசத்தைச் சிதைத்தார்கள். நடுவே ‘ஸ்பாம் வேண்டாம்’ என்று செருகி, எடுத்துவிட்டு எழுதவும் என்று அடியில் குறிப்புப் போட்டார்கள். சிலர் பொய் விலாசம் கொடுத்தார்கள். தனியாகக் கேட்க வந்த புது ஆளின் கடிதம் சுவரில் மோதித் திரும்பியது.

இன்னொரு தற்காப்பு ‘கில்ஃபைல்’. இன்ன பெயர், இன்ன வார்த்தை வந்தால் என் கண்ணில் காட்டாதே என்று அவரவர் கம்ப்யூட்டரில் பட்டியல் போட்டுக்கொள்வது. அருமையான வசதி. எழுதாமல் வாசிப்பதோடு நின்ற நானும் பயன்படுத்தியிருக்கிறேன். நாலே நாளில் பலகை சுத்தமாகிவிட்டதாகத் தோன்றும். தோன்றும், அவ்வளவுதான். குப்பை அங்கேயேதான் கிடக்கிறது, எனக்கு மட்டும் தெரியாது. கெடுதல் நுழைந்தது இந்த வழியாகத்தான் என்று எனக்குப் படுகிறது. பழைய ஆட்கள் பட்டியலைச் சரிபார்த்து நிம்மதியாக பைரவியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். புதிதாக வந்த இருபது வயதுப் பெண்ணிடம் பட்டியல் இல்லை. அவள் கண்ணுக்கு வாசலில் கிடந்தது போலிக் கைக்கடிகாரமும் சூதாட்டமும்தான். ஒரு நிமிஷம் பார்த்திருப்பாள், போயிருப்பாள். அவள் வந்ததே உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியாது.

கூகுள் 2001 பிப்ரவரியில் ‘டேஜா நியூஸ்’ சேமிப்பை வாங்கி, அந்த டிசம்பரில் 1981 வரை பின்னோக்கிப் போகும் 70 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளைத் தேடும் வசதியோடு வைத்தது. பெரிய உபகாரம். ஆனால் அந்த வாசல் வழியே வந்தவர்களுக்குத்தான் கில்ஃபைல் இல்லை. எழுதவும் அங்கே சுலபம் என்பதால் குப்பைக்காரர்களுக்கும் அதுவே ராஜபாட்டை ஆயிற்று.

எல்லாப் பழியையும் ஸ்பாம் மேல் போடுவது நியாயமில்லை. வெப் தளங்கள் வந்தன, ஆர்குட் வந்து போயிற்று, ஃபேஸ்புக், வாட்ஸ்அப் வந்தன. எப்படியும் பாதிப் பேர் போயிருப்பார்கள். ஆனால் போனவர்களின் இடத்தை நிரப்ப யாரும் வராதது அந்த வாசல் குப்பையால்.

2023 கடைசியில் தாய்லாந்து மொழியில் சூதாட்ட விளம்பரங்கள் கூகுள் வாசல் வழியாகவே பல யூஸ்நெட் குழுக்களில் கொட்டின. 2024 பிப்ரவரி 22 முதல் கூகுள் அந்தத் தொடர்பைத் துண்டித்துக்கொண்டது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஸ்பாமும் ஒன்று. பழையது படிக்கக் கிடைக்கும், புதிதாக எதுவும் வராது. யூஸ்நெட் இன்னும் சில கம்ப்யூட்டர்களில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, தேடிப் போகிறவர்களுக்கு.

அந்தப் பழைய பதிவுகளை இப்போதும் புரட்டுகிறேன். ராக விளக்கம் ஒழுங்காக இருக்கிறது, பெரிய எழுத்து சின்ன எழுத்து பிசகாமல். மேலும் ஒரு சந்தேகம் கேட்கலாம் என்று எழுதியவரின் விலாசத்தைப் பார்த்தால், ஸ்பாமுக்குப் பயந்து கூகுள் அதை மறைத்திருக்கிறது. முதல் சில எழுத்து தெரிகிறது. மீதி புள்ளிகள்.